குறி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

கூட்டு உழைப்பில் வளரும் இணையத் தரவுத்தளங்கள் பலவும் உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் தருவதாகச் சொல்கின்றன. நோக்கம் நல்லது. அந்த வாக்கு நிறைவேறுகிறதா என்பது முகப்புப் பக்கத்தில் தெரியாது; புதுச் சொல் சேர்க்கும் படிவத்தில், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டத்தில்தான் தெரியும். கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருவர் படுகுச் சொல் ஒன்றைச் சேர்க்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் படுகு இல்லை. கன்னடம் என்று குறித்துவிட்டு உள்ளே போகலாம். 'மற்றவை' என்பதைத் தொட்டுப் பெயர் இல்லாத கூட்டத்தில் கலந்துவிடலாம். பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அகராதி, சொற்பட்டியல், பேச்சுத் தரவு என்று இத்துறையில் எந்த மூலையில் வேலை செய்பவரும் இவற்றில் ஒன்றையும் ஏற்கக்கூடாது என்பது என் எண்ணம்.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 639 என்னும் தரத்திலிருந்து வருகிறது. முதலில் இரண்டெழுத்துக் குறிகள் இருந்தன; அவற்றில் அடங்கியவை இருநூறுக்கும் குறைவான மொழிகள். பிறகு நூலகங்களின் தேவைக்காக மூன்றெழுத்துக் குறிகள் வந்தன. அவற்றின் பதிவகம் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம். 2007இல் வெளியான 639-3 தான் 7,000க்கு மேற்பட்ட மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. அதைப் பராமரிப்பது எஸ்.ஐ.எல். நிறுவனம், அடித்தளம், அந்நிறுவனம் 1951 முதல் வெளியிட்டுவரும் எத்னோலாக் தொகுப்பு. விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்காகத் திரட்டப்பட்ட மொழிக் கணக்கு இன்று உலகத்தின் கணினிகளுக்கெல்லாம் பொதுக் கணக்காகியிருக்கிறது.

இதைக் குறையாக மட்டும் சொல்ல மனம் வரவில்லை. நம் அரசுகளின் கணக்கோடு ஒப்பிட்டால் அந்தத் தொகுப்பு எவ்வளவோ தாராளமானது. 2011ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். பத்தாயிரம் பேருக்குமேல் பேசுவதையே தனியாகக் காட்டுவது என்ற விதியோடு, அவற்றைத் தொகுத்து 121 மொழிகளாக்கினார்கள். இந்தச் சலிப்பில் இருளர் மொழி தமிழின் கீழும் படுகு கன்னடத்தின் கீழும் போய்விட்டன. ஐ.எஸ்.ஓ. பட்டியலிலோ இருளர் மொழி, படுகு, தோடா, கோத்தா, சௌராஷ்டிரம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. ஆகவே தரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை வாசற்கதவின் பூட்டாக மாட்டிவைத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

புதுக் குறி வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதும் உண்மை. விண்ணப்பங்கள் ஆண்டுச் சுற்றாகப் பரிசீலிக்கப்படுகின்றன. பக்கத்து மொழிக்காரருக்கு இது புரியுமா, பொதுவான இலக்கியம் உண்டா, தனி இன அடையாளம் உண்டா என்ற கேள்விகளுக்குச் சான்று வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழியியலாளர் ஒருவர் வந்து தங்கி ஆராயாத சமூகம் அந்தச் சான்றை எங்கிருந்து கொண்டுவரும்? சான்று வேண்டுமானால் தரவு வேண்டும். தரவைச் சேர்க்கக் குறி வேண்டும். குறி கிடைத்தாலும் கதை முடிவதில்லை. மென்பொருள்கள் பலவும் முழுப் பட்டியலையும் எடுத்துக்கொள்வதில்லை. கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றன.

இந்தச் சிக்கலுக்கு விக்கித்தரவு கண்டிருக்கும் வழி நம் துறையினர் உற்றுநோக்க வேண்டியது. 2012இல் தொடங்கிய அத்தளம் 2018இல் சொற்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. அங்கே ஒரு சொல்லைப் பதிய மூன்று செய்திகள் போதும்: சொல், அதன் மொழி, அதன் இலக்கண வகை. மொழி என்ற இடத்தில் குறி கேட்பதில்லை. தளத்தில் பதிவாகியிருக்கும் எந்த மொழியையும் சுட்டலாம். பதிவாகாத மொழியாக இருந்தால் அதற்கு நாமே ஒரு பதிவு தொடங்கலாம். எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் ஒரு குறி தேவை. குறி இல்லாத மொழிகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. ஒதுக்கிவைத்த எம்.ஐ.எஸ். என்னும் பொதுக் குறியோடு அந்த மொழியின் பதிவு எண்ணை ஒட்டிக்கொள்ளலாம். நாளைக்கு முறையான குறி வந்தால் பழையதை மாற்றுவது ஒரு நிரலின் வேலை. மொழி முதலில் உள்ளே வருகிறது, முத்திரை பிறகு வருகிறது. வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே தளத்தின் இன்னொரு மூலையில் பழைய வரிசையே நீடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்க்கும் இடத்தில், ஏற்கப்பட்ட குறிகள் மட்டுமே செல்லும். குறி இல்லாத மொழியின் வாக்கியம் அந்தப் பொதுக் குறியின் கீழ் விழுகிறது. நாகாலாந்துக் கிராமம் ஒன்றின் வாக்கியமும் அமேசான் கரையின் வாக்கியமும் கணினிக்கு அங்கே ஒன்றாகத் தெரியும். சொல்லுக்குப் பெயர் கிடைத்து வாக்கியத்துக்குக் கிடைக்காமல் போவதில் எந்த நியாயமும் இல்லை.

மொழி எது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கேட்பதிலிருந்தே தவறு தொடங்குகிறது. பேசுபவர்கள் தங்கள் மொழிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னொன்று சொல்வார்கள், அரசுக் கோப்பில் மூன்றாவது இருக்கும். எல்லாவற்றையும் எழுதிவைக்கலாம், யார் சொன்னது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதோடு எழுதிவைக்கலாம். மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பராமரிக்கப்படும் கிளாட்டோலாக், குடும்பம், மொழி, வட்டார வழக்கு மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆதார நூல்களைக் காட்டுகிறது. எது மொழி, எது வழக்கு என்று ஆய்வாளர்கள் கருத்து மாற்றிக்கொண்டாலும் எண் அப்படியே நிற்கும். தரவுத்தளம் கட்டுகிறவர்கள் இரண்டு குறிகளையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் செலவு ஒன்றும் பெரிதில்லை.

அடுத்தது எழுத்து. மதுரையின் சௌராஷ்டிர மக்களைப் பாருங்கள். அவர்கள் மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு. அது 2008இல் யூனிகோடு 5.1 பதிப்பில் இடம்பெற்றது. தேவநாகரியில் எழுதுவோர் உண்டு. அன்றாடத்தில் பலரும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். வர்க்க எழுத்துகளைப் பிரித்துக் காட்டத் தலைமேல் 2, 3, 4 என்று எண் போடுகிறார்கள். எது சரியான எழுத்து என்ற விவாதம் அந்தச் சமூகத்துக்குள் ஒரு நூற்றாண்டாக நடக்கிறது. ஒரே ஒரு தலைச்சொல் கட்டம் வைத்திருக்கும் தரவுத்தளம், கேட்காமலே அந்த விவாதத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மூன்றையும் சமமாக ஏற்கும் கட்டமைப்பே அவர்களுக்கு உதவும். அந்தத் தலைமேல் எண்களைச் சாதாரண எண்களாக்கிவிடும் 'தூய்மைப்படுத்தும்' நிரல்கள் வேறு இருக்கின்றன. அவற்றை ஓடவிடுமுன் யாராவது ஒரு சௌராஷ்டிரரிடம் கேட்டால் நல்லது.

எழுத்தே போதாத மொழிகள் நீலகிரியில் இருக்கின்றன. படுகில் நாக்கை மடித்து ஒலிக்கும் உயிர்கள் இருப்பதை மொழியியலாளர் எமனோ 1939இலேயே எழுதினார். தோடாவின் உரசொலிகளைத் தமிழ் நெடுங்கணக்கில் அடக்க முடியாது. இங்கெல்லாம் ஒலிப்பதிவு முதன்மைச் சான்றாகவும் எழுத்து அதற்குத் துணையாகவும் நிற்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் நிலைமை நேரெதிர்: எழுத்து கட்டாயம், ஒலி விருப்பம். சைகை மொழிகளின் பாடு இன்னும் மோசம். இந்தியச் சைகை மொழிக்கு ஐ.எஸ்.ஓ. குறி இருக்கிறது, ஆனால் தலைச்சொல் கட்டத்தில் எதைத் தட்டுவது? வேலரி சட்டன் 1974இல் உருவாக்கிய சைகை எழுத்து 2015இல் யூனிகோடுக்குள் வந்தது. காது கேளாதோரில் அதை எழுதிப் பழகியவர்கள் மிகச் சிலர். சைகை மொழிக்குக் காணொளியே தலைச்சொல். அதை ஏற்காத தளம் எல்லா மொழிகளுக்கும் என்று சொல்லிக்கொள்வது நேர்மையாகாது.

தமிழுக்குக் குறியும் உண்டு, எழுத்தும் உண்டு. ஆனாலும் நாம் தப்பிவிடவில்லை. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியும் உருவாக்கலாம், ஒரே குறியாகவும் உருவாக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'ஔவை' என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்துத் தட்டியவர்களின் பதிவுகள் இன்றும் தேடலில் அகப்படாமல் கிடக்கின்றன. முதல் வகையை யூனிகோடின் இயல்பாக்க விதி தானே சரிசெய்யும். இரண்டாவதற்கு மனிதர் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இலங்கைத் தமிழரும் கனடாத் தமிழரும் 'ரொறொன்ரோ' என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் 'டொராண்டோ' என்று எழுதுகிறார்கள். மொழிக்கு ஒரு பெயர்ப்பட்டி என்று வைத்தால், ஆள்பலம் உள்ள பக்கம் வெல்லும். மற்றது 'வேறு பெயர்கள்' வரிசைக்கு இறங்கும். நாட்டு அடையாளத்தோடு கூடிய குறிகள் இதற்காகவே இருக்கின்றன. இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் தனி வரிசை கேட்பதைப் பிரிவினையாகப் பார்க்கும் தமிழ்ப் பங்களிப்பாளர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய மொழிகள் நமக்குச் செய்வதை நாம் நம்மவருக்கே செய்யக்கூடாது.

இலக்கணம் பற்றி ஒரு சொல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வினைச்சொல்லின் பக்கத்தில் ஒரு எண் மட்டும் போட்டு, அந்த வினை எப்படித் திரியும் என்பதை அதில் அடக்கியது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக் கட்டிய தளங்கள் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தட்டச் சொல்கின்றன. அவர்களுக்கு நாலைந்து வடிவம். நமக்குக் காலம், இடம், பால், எண் என்று பெருகிக்கொண்டே போகும். விதியைப் பதிந்துவிட்டு வடிவங்களைக் கணினியே உருவாக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். 2023இல் தொடங்கிய விக்கிச்செயற்பாடுகள் திட்டம் அதற்கு இடம் தருகிறது. தமிழ் இலக்கணம் அறிந்தவர்கள் அங்கே போக வேண்டும்.

இவ்வளவும் எப்படி உள்ளே விடுவது என்பதைப் பற்றியது. உள்ளே வர விரும்பாததை என்ன செய்வது?

1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அவர்களின் பால்மனைச் சடங்குகளையும் வேண்டுதல் சொற்களையும் விரிவாகக் குறித்துக்கொண்டார். அவருக்குச் செய்தி சொன்னவர்களுக்கு அந்த நாட்களில் துன்பங்கள் நேர்ந்தன. மறைக்க வேண்டியதை அந்நியரிடம் சொன்னதால்தான் என்று தோடர்கள் கருதினார்கள். இதை ரிவர்ஸே 1906இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அச்சொற்கள் ஒரு தடித்த புத்தகத்துக்குள் இருந்தவரை சில நூறு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இன்று யாரோ ஒரு ஆர்வலர் அவற்றை எடுத்து, விக்கித்தரவு பின்பற்றும் சி.சி. சுழியம் உரிமத்தின் கீழ் ஏற்றினால், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். பெயர் சொல்லவும் தேவையில்லை. திரும்பப் பெறவும் முடியாது. ஆர்வலரின் உள்ளத்தில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தோடர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்டுச் செய்வது முடியாத காரியம் என்று சொல்வோருக்கு நியூசிலாந்திலிருந்து பதில் இருக்கிறது. அந்நாட்டின் வடகோடியில் உள்ள தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி அமைப்பு, 2018இல் பத்து நாட்களில் 300 மணி நேரத்துக்கு மேல் மாவோரிப் பேச்சைத் திரட்டியது. தம் மக்களிடம் தாமே கேட்டதால் அவ்வளவு விரைவில் கிடைத்தது. அந்தத் தரவைத் திறந்த உரிமத்தில் கொட்டிவிடாமல், சமூகமே காவலாக இருக்கும் ஓர் உரிமத்தை எழுதிக்கொண்டார்கள். தங்கள் மக்களுக்கு நன்மை தராத பயன்பாட்டுக்கு அந்தத் தரவு கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முக்கூர்த்து மென்பொருள், எதை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகத்தின் வழக்கப்படியே வகுத்துக்கொள்ள விடுகிறது. எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை, எழுதி அச்சிட்டுப் பெருகிய மொழிகளுக்கு நன்மை செய்தது. தமிழுக்கும் நிறையச் செய்தது. இரண்டாயிரம் பேர்கூடப் பேசாத மொழிக்கு அதே கொள்கையைக் கேட்காமல் பொருத்துவது சரியில்லை. திறந்த தளங்கள் குறைந்தது ஒன்றைச் செய்யலாம்: சமூகம் ஆட்சேபித்தால் பதிவை இறக்க ஒரு வழியும், அந்த ஆட்சேபத்தை அவர்கள் மொழியிலேயே, பேச்சாகவேகூட, தெரிவிக்க ஓர் இடமும்.

தளங்கள் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த இதழ் முதல், நமக்கு வரும் சொற்பட்டியல்களோடு சில செய்திகளைச் சேர்த்துக் கேட்கப் போகிறோம். பேசுபவர்கள் தங்கள் மொழியை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், எந்த ஊரில் திரட்டியது, எந்த எழுத்தில் எழுதினீர்கள், அதைத் தேர்ந்தவர் யார், ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது, எதற்கெல்லாம் அனுமதி தந்தார்கள், எதற்குத் தரவில்லை. ஐ.எஸ்.ஓ. குறியும் கிளாட்டோலாக் எண்ணும் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்புங்கள், வெளியிடுவோம்.