ஏற்கெனவே இருக்கிறதாம்!

"அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்கு மறுபடி எழுதுகிறாய்?" என் பேரனிடம் அவனுடைய கல்லூரி ஆசிரியர் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்காமல் பிராஜெக்ட்டையும் தள்ளுபடி செய்துவிட்டார். 'ஆப்' ஏதாவது செய்துகொண்டு வா என்றாராம்.

பையன் செய்தது என்ன? எக்ஸ்வி6 என்று ஒரு குட்டி இயங்குதளம். மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கென்றே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதியது. அதில் ஓடும்படி டைனி பேசிக் மொழிக்கு ஓர் இன்டர்பிரட்டர் எழுதினான். நாம் தட்டும் வரியை வாசித்து, பொருள் கண்டு, அங்கேயே செய்து முடிக்கும் புரோகிராம் அது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் 'அந்தெர்ப்ரெத்' வாக்கியம் வாக்கியமாக எடுத்துச் சொல்வாரே, ஏறக்குறைய அந்த வேலை.

எக்ஸ்வி6-இல் வசதி குறைவு. தசம எண்ணை அச்சிடக்கூட அதன் பிரின்ட்எஃப்புக்குத் தெரியாது. பெரும்பாலானதை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் 2+3*4 கொடுத்தால் 20 என்றது. பெருக்கல்தான் முன்னால் என்று அதற்கு யார் சொல்வது? கூட்டலுக்கு ஒரு ஃபங்ஷன், பெருக்கலுக்கு ஒன்று, தனி எண்ணுக்கும் அடைப்புக்குறிக்கும் ஒன்று என்று பிரித்து, ஒன்றை ஒன்று கூப்பிடும்படி எழுதிய பிறகுதான் 14 வந்தது. அந்த இரவு அவன் கற்றதை எந்த ஆப் கற்றுக்கொடுக்கும்?

1976-இலும் ஆல்டேர் கணினிக்கு பேசிக் விலைக்குக் கிடைத்தது. 'இருக்கிறதே' என்று எல்லோரும் சும்மா இருந்தார்களா? டென்னிஸ் ஆலிசன் டைனி பேசிக்கை எப்படிச் செய்வது என்று பத்திரிகையில் எழுதினார். அதைப் பார்த்து ஆர்வலர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள். லி-சென் வாங் எழுதியது 2 கிலோபைட்டுக்குள் அடங்கியது.

வேலை கிடைக்க ஆப்தான் உதவும் என்பார்கள். உதவட்டும், மறுக்கவில்லை. ஆனால் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: அச்சிட்ட படிவத்தை நிரப்ப ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் இடமில்லாத சங்கதி வந்துவிட்டால், விதியைப் படித்துத் தானே குறிப்பு எழுதிப் பழகிய ஒருவரைத் தேடித்தான் ஓடுவோம். சரளிவரிசை கற்க வந்த குழந்தையிடம், 'இதை ஏற்கெனவே பாடியாகிவிட்டது' என்று எந்தப் பாட்டு வாத்தியாராவது சொல்வாரா?

பேரன் ஆப் செய்து கொடுத்துவிட்டான். மார்க் வரும். இன்டர்பிரட்டரை மட்டும் அழிக்கவில்லை. "கோசப் சேர்த்துக்கிட்டிருக்கேன் தாத்தா" என்றான் நேற்று. இதற்கு மார்க் போட ஆளில்லை. ஆனாலும் செய்கிறான்.