சிறிய தேவாலயம் போதும்

ஜூன் பிறந்துவிட்டால் ஐரோப்பாவின் பல சிற்றூர்களில் ஒரே மாதிரியான காட்சியைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே ஜெபித்துவிட்டுப் போகும் பழைய தேவாலயத்தில், வாரநாள் மாலையொன்றில் உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்கும். பீடத்துக்கு முன்னால் நான்கு நாற்காலிகள், நான்கு இசைக்குறிப்புத் தாங்கிகள்; இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஒலிபெருக்கி இல்லை, கோல் பிடித்து வழிநடத்த ஆளும் இல்லை. இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மறுநாள் அடுத்த ஊர்த் தேவாலயத்துக்குப் போய்விடுவார்கள். சேம்பர் இசை என்றழைக்கப்படும் இந்தச் சிறு குழு இசைக்கான கோடை விழாக்களை, நகரத்துப் பெரிய அரங்குகளுக்கு விடுமுறை விடும் காலத்தில் நடக்கும் பொழுதுபோக்காகவே பலரும் நினைக்கிறார்கள். மானியம் தரும் அமைப்புகளும் எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்ற கணக்கைத்தான் முதலில் கேட்கின்றன. அந்தக் கணக்கால் இவ்விழாக்களை அளக்க முடியாது. இவற்றின் சிறுமையில்தான் இவற்றின் பலம் இருக்கிறது. வளரச் சொல்லி இவற்றை நெருக்குவது, இவற்றை அழிக்கும் வழிகளில் ஒன்று.

இந்த இசை பிறந்த இடத்திலிருந்து தொடங்குவோம். ஹைடன், மொஸார்ட், பேத்தோவன் ஆகியோர் நால்வர் குழுக்களுக்கு எழுதியபோது, ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம் அவர்கள் மனத்தில் இல்லை. பெரும்பாலும் மாளிகையின் கூடமும் வீட்டின் வரவேற்பறையும்தான் அந்த இசை ஒலித்த இடங்கள். ஒவ்வொரு பகுதியையும் ஒரே ஒருவர்தான் வாசிக்கிறார். பிழையை மறைக்கப் பக்கத்தில் துணை இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே தளர்வது என்பதை ஒருவர் மூச்சையும் வில்லசைவையும் மற்றவர் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பது காதில் விழுகிறது. அடுத்து என்ன வரப்போகிறது என்பது சுரம் ஒலிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த நெருக்கம் பறிபோனால் இசையில் பாதி போய்விடும். பேராலயங்களின் உயர்ந்த கல்வளைவுகளில் ஒலி பல வினாடிகள் சுழன்று குழம்பும். வேகமான பகுதிகள் அங்கே தெளிவாகக் கேட்பதில்லை. மரக்கூரை போட்ட, ஆட்கள் நிறைந்த கிராமத் தேவாலயத்தில் அப்படி நேர்வது குறைவு. அங்கே ஒலி சற்றே நீண்டு, கரகரப்பு நீங்கி, ஆனால் கலங்காமல் வந்து சேர்கிறது. இருக்கும் கட்டிடமே இசைக்கு ஏற்ற அறையாக அமைந்துவிடுகிறது.

இந்த வாதத்துக்குச் சிறந்த சான்று இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் 1947-இல் தங்கள் சிறு ஓபரா குழுவோடு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். அரங்கு நிறைந்தாலும் பயணச் செலவில் பணம் கரைந்தது. ஊர் ஊராக அலைவதைவிட நாம் வாழும் ஊரிலேயே நண்பர்களை அழைத்துச் சிறிய விழா நடத்தினால் என்ன என்ற யோசனையைப் பியர்ஸ் முன்வைத்தார். இவர்களோடு ஓபரா இயக்குநர் எரிக் குரோசியரும் சேர, 1948 ஜூனில் ஆல்ட்பரா என்ற கடற்கரைச் சிற்றூரில் விழா தொடங்கியது. கையில் இருந்தவை ஊரின் சிறிய ஜூபிலி மண்டபமும் பங்கு ஆலயமும்தான். தொழில்முறை சாராத பாடகர்களை மனத்தில் வைத்து பிரிட்டன் எழுதிய 'செயின்ட் நிக்கலஸ்' அந்த ஆலயத்தில்தான் முதலில் பாடப்பட்டது. பெரிய கட்டிடம் வந்த பிறகு விழா தொடங்கலாம் என்று காத்திருந்தால், இன்றளவும் தொடரும் அந்த விழா பிறந்தே இருக்காது.

பத்தாண்டு கழித்து, 1958 ஜூன் 18-இல், பக்கத்து ஊரான ஆர்ஃபோர்டின் தேவாலயத்தில் பிரிட்டனின் 'நோயிஸ் ஃப்ளட்' அரங்கேறியது. நோவாவின் பேழைக் கதை அது. அதில் நடித்தவர்களிலும் இசைத்தவர்களிலும் பெரும்பாலோர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். சில தொழில்முறைக் கலைஞர்கள் நடுவில் தாங்கிப் பிடிக்க, சுற்றிலும் மாணவர் இசைக்குழு. வயலின் பகுதியைப் பிள்ளைகளின் தேர்ச்சிக்கேற்பப் படிப்படியாகப் பிரித்து எழுதினார் பிரிட்டன். கடைசி நிலைப் பிள்ளைகள் பல இடங்களில் விரலே வைக்காமல் வெறும் தந்தியை இழுத்தால் போதும். மழை தொடங்கும் இடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த வாத்தியம் அடுக்களையிலிருந்து வந்தது. பருமனிலும் அளவிலும் வேறுபட்ட பீங்கான் குவளைகளைக் காதுப்பிடி வழியாகக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்ட வேண்டும். முதல் துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவது அப்படியே கேட்கும். புயல் உச்சத்தை எட்டும்போது, பார்க்க வந்த சபையே எழுந்து தனக்குத் தெரிந்த பாமாலையைப் பாடி நாடகத்துக்குள் நுழைந்துவிடும். இதை நாடகக் கொட்டகையில் நடத்தக் கூடாது, தேவாலயத்திலோ அதுபோன்ற பெரிய கூடத்திலோதான் நடத்த வேண்டும் என்பது இசையமைப்பாளரின் தெளிவான விருப்பம். இடமும் ஊராரும் சேர்ந்துதான் அந்தப் படைப்புக்கு உருவம் கொடுத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அதே ஆர்ஃபோர்டில் 1964-இல் அரங்கேறிய 'கர்லூ ரிவர்' இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. பிரிட்டன் டோக்கியோவில் பார்த்த ஜப்பானிய நோ நாடகத்தின் தாக்கத்தில் எழுதப்பட்ட இப்படைப்பில் வாத்தியக்காரர்கள் ஏழே பேர், நடத்துநர் கிடையாது. ஒருவர் தன் பகுதியை முடித்ததும் மற்றவர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய இடங்களைக் காட்ட, பிரிட்டன் ஒரு புதிய குறியையே வகுத்தார். குறிப்புத்தாளில் அந்தக் குறி வந்தால், எண்ணுவதை விட்டுவிட்டுக் காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இசைக்குறிப்பு எழுதும் முறையிலேயே ஒரு மாற்றம் நேர்ந்தது, ஒருவருக்கொருவர் தெளிவாகக் கேட்கக்கூடிய தேவாலயத்தை மனத்தில் கொண்டு எழுதியதால். சிறிய இடம் கற்பனையைக் குறுக்கிவிடும் என்பவர்கள் இந்த ஏழு பேர் கூட்டத்தை யோசித்துப் பார்க்கட்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். ஆல்ட்பரா விழாவே பிற்காலத்தில் பெரிய அரங்கைத் தேடிப் போகவில்லையா? போனது உண்மை. ஸ்னேப் என்ற ஊரில், பார்லியை முளைகட்டிப் பதப்படுத்தும் பழைய ஆலையை அரங்காக மாற்றி 1967-இல் திறந்தார்கள். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1969 விழாவின் முதல் நாள் இரவே அந்த அரங்கு தீப்பிடித்து எரிந்தது. அங்கே நடக்கவிருந்த மொஸார்ட்டின் 'இடமனேயோ' ஓபரா, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கும் பிளைபரா தேவாலயத்துக்கு மாறியது. மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள் தாங்கும் கூரையின் கீழ் அது அரங்கேறியது. அடுத்த ஆண்டே ஸ்னேப் மீண்டும் எழுந்தது. இருந்தும் தேவாலயக் கச்சேரிகள் நிற்கவில்லை. அரங்கு வந்த பிறகும் விழா தன் வேரை அறுத்துக்கொள்ளவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

சஃபோக் ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பின் நாடு திரும்ப மறுத்த செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ், பிரான்ஸின் பிரனீஸ் மலையடிவாரத்துச் சிற்றூரான பிராடில் தங்கினார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை ஏற்ற நாடுகளில் வாசிப்பதில்லை என்று வில்லைக் கீழே வைத்துவிட்டார். இசையமைப்பாளர் பாக் மறைந்து இருநூறாண்டு நிறைந்த 1950-இல், உலகம் அவரைத் தேடி அந்த ஊர்த் தேவாலயத்துக்கு வந்தது. ஐசக் ஸ்டெர்ன், ருடால்ஃப் செர்கின், கிளாரா ஹாஸ்கில் போன்ற இசைக்கலைஞர்கள் அங்கே வாசித்தார்கள். ஆஸ்திரியாவில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய லாக்கன்ஹவுஸில், வயலின் கலைஞர் கிடான் கிரெமர் ஊர்ப் பங்குத்தந்தையோடு கைகோத்து 1981-இல் விழாவைத் தொடங்கினார். பின்லாந்தில் சுமார் 8,000 பேர் வாழும் குஹ்மோவில், ரஷ்ய எல்லைக் காடுகளுக்கு நடுவே, 1970-இல் தொடங்கிய விழாவில் ஜூலை மாதத்தில் சேம்பர் இசை ஒலிக்கிறது. அங்கே பள்ளிக்கூடமும் மரத் தேவாலயமும்தான் முதலில் அரங்கானவை. 1993-இல் ஊருக்கு ஒரு கலை மையமே கிடைத்தது. அரசியல் எதிர்ப்பு, நட்பு, தொலைதூர ஊரின் பிடிவாதம் என்று மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றிலும் இடத்தை முன்வைத்தே விழா உருவானது.

எதிர்ப்புகளில் வலுவானது வர்க்கம் பற்றியது. நகரத்து வசதியானவர்கள் காரில் வந்து, தேவாலயத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஊராருக்கு மிஞ்சுவது வாகன நெரிசல்தான் என்கிறார்கள். பல விழாக்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். ஊர்ப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்காத விழா, எத்தனை புகழ்பெற்ற கலைஞர்களை வரவழைத்தாலும் அந்த ஊரின் விழா ஆகாது. ஆனால் இதற்கு மருந்து விழாவை நகரத்துக்குக் கொண்டுபோவது அல்ல. அங்கே இந்த இடைவெளி இன்னும் அகலும். குவளை தட்டிய பிள்ளைகளைப் போல ஊராரை வாசிப்பவர்களாக, பாடுபவர்களாக, ஏற்பாட்டாளர்களாக உள்ளே இழுப்பதுதான் மருந்து. நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் முகம் அறிந்த இடத்தில் அது கைகூடும்.

அடுத்தது பக்தி சார்ந்த எதிர்ப்பு. இதை மேலோட்டமாக ஒதுக்கக் கூடாது. தேவாலயம் ஜெபவீடு, வாடகை மண்டபம் அல்ல என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1987-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் இதுபற்றி ஒரு மடலே வெளியிட்டது. தேவாலயத்தில் பக்தி சார்ந்த இசைக்கே இடம், நுழைவுக் கட்டணம் கூடாது, கலைஞர்கள் பீடப் பகுதியில் அமரலாகாது, நற்கருணையை முன்கூட்டியே வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அது அறிவுறுத்தியது. இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டம் சற்றே நெகிழ்வானது: இசையும் சொல்லும் இறைவனின் இல்லத்துக்கு உகந்தவையா என்று பார்க்கும் பொறுப்பைக் குருவானவரிடம் விடுகிறது. இந்த விதிகளைத் தடையாகப் பார்க்காமல் ஒழுங்காகப் பார்ப்பதே விழாக்களுக்கு நல்லது. 1950-இல் பிராடின் தேவாலயத்துக்குள் கைதட்டல் அனுமதிக்கப்படவில்லை; அதனால் பாக்கின் இசைக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை. கட்டணம் வாங்கும் விழாக்கள் ஒத்திகையையாவது ஊராருக்கு இலவசமாகத் திறந்துவிடலாம். ஆலயத்தின் மரியாதையும் ஏழையின் உரிமையும் ஒரே கதவு வழியாக உள்ளே வரும்.

மூன்றாவது எதிர்ப்பு பணம். சில நூறு இருக்கைகளை வைத்துக்கொண்டு எந்த விழாவும் கட்டுப்படியாகாது என்பது கணக்கர்களின் வாதம். பொருளியலறிஞர்கள் வில்லியம் போமலும் வில்லியம் போவனும் 1966-இலேயே இந்த நெருக்கடியை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து ஓர் ஆள் பத்து ஆள் வேலையைச் செய்யலாம். நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு இருநூறு ஆண்டுக்கு முன் தேவைப்பட்ட நால்வரும் அதே நேரமும் இன்றும் தேவை. ஊதியம் மட்டும் மற்றத் தொழில்களோடு சேர்ந்து ஏறுகிறது. மண்டபத்தைப் பெரிதாக்கினால் வரவு கூடலாம். ஆனால் அந்த வரவைத் தரும் நெருக்கம் தேய்ந்துபோகும். எனவே இந்தக் கலைக்குப் பொதுப்பணமோ கொடையாளர் உதவியோ எப்போதும் வேண்டியிருக்கும். அந்தப் பணம் எங்கே அதிக வேலை செய்யும் என்பதே சரியான கேள்வி. புது அரங்கு கட்டச் செலவில்லாத இடத்தில், நல்ல ஒலி ஏற்கெனவே அமைந்த இடத்தில், பராமரிக்கக் கை வேண்டித் தவிக்கும் கட்டிடத்தில் செலவிட்டால், ஒரு காசு இரண்டு வேலை செய்யும்.

அந்தத் தவிப்பு சிறியதல்ல. இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கிராமப்புறங்களில். 12,000-க்கு மேல் பாதுகாக்கப்பட வேண்டிய வரலாற்றுக் கட்டிடங்களாகப் பட்டியலிடப்பட்டவை. ஒரே குருவானவர் பல ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார். கூரை ஒழுகினால் பழுதுபார்க்கும் சுமை சில முதியவர்களின் தோளில் விழுகிறது. வழிபாடு நின்றுபோன 350-க்கு மேற்பட்ட ஆலயங்களைக் காக்க, 1969-இல் தொடங்கிய தனி அறக்கட்டளை ஒன்று உழைக்கிறது. கோடையில் சில மாலைகள் இசைக்காகத் திறந்துவிடுவதால் மட்டும் இந்தக் கட்டிடங்கள் பிழைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பயன்படும் கட்டிடத்துக்கே கொடை வரும்; உள்ளே வந்து உட்கார்ந்தவர்களுக்கே கூரையைப் பற்றிய கவலை பிறக்கும்.

ஆகவே மானியம் தருபவர்கள் தங்கள் கேள்விகளை மாற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, ஊராரில் எத்தனை பேர் மேடை ஏறினார்கள் என்று கேட்கட்டும். இந்த இடத்துக்கென்றே புதிதாக ஏதாவது எழுதப்பட்டதா என்று கேட்கட்டும். விழா முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் ஏற்பாடு தொடர்கிறதா, கட்டிடத்துக்கு என்ன மிஞ்சியது என்று கேட்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தரும் விழா, அடுத்த ஆண்டும் அதே எண்ணிக்கை இருக்கைகளோடு நின்றாலும் அது தேக்கம் ஆகாது. வளர்ச்சி அறிக்கையில் எண் கூடவில்லை என்பதற்காக அதன் மானியத்தை வெட்டுபவர்கள், ஒரு நால்வர் குழுவை நாற்பது பேராக்கச் சொல்பவர்களைப் போலத்தான் நடந்துகொள்கிறார்கள். சில கலைகளுக்கு அவற்றின் அளவே உயிர். அந்த அளவுக்கு ஏற்ற இடங்கள் ஊர்தோறும் கட்டி முடிக்கப்பட்டு நிற்கின்றன. அவற்றைத் திறந்துவைக்கும் சிறு விழாக்களைச் சிறியனவாகவே வாழவிடுவதுதான் நல்ல கலைக்கொள்கை.