நிற்குமா, நில்லாதா?

விடை காண்பது அறிவு. விடை காண இயலாதது எது என்பதை ஐயமற நிறுவுவதும் அறிவே. இவ்விரண்டாம் வகை அறிவுக்கு நம் கல்விக்கூடங்களில் உரிய இடம் தரப்பெறவில்லை என்பது எம் கருத்து. கணிப்பொறித் துறையிலிருந்தே இதற்கு ஒரு சான்று காட்ட விழைகின்றோம்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் கோவையே நிரல். ஒரு கணக்கைத் தீர்க்க எழுதிய நிரல், தன் பணி முடிந்ததும் நிற்றல் வேண்டும். பிழைபட்ட நிரலோ செக்குமாடு போல ஒரே தடத்தில் முடிவின்றிச் சுழலும். 2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'ஸூன்' என்னும் கையடக்கப் பாட்டுக் கருவிகளுள் ஒரு வகை ஒருசேரச் செயலற்றுப் போயிற்று. அது லீப் ஆண்டு. அதன் 366ஆம் நாளைக் கணக்கிடப் புகுந்த நாட்காட்டி நிரல், வெளியேற வழியின்றிச் சுழன்றுகொண்டே இருந்ததுதான் காரணம்.

பாட்டு நின்றது சிறிய இடரே. ஆனால் மருத்துவமனையிலும் வானூர்தியிலும் நிரல்களை நம்பி உயிர்கள் இருக்கின்றன. ஆகவே, "எந்த நிரலைக் கொடுத்தாலும் ஆராய்ந்து, அது நிற்குமா, நில்லாதா என முன்கூட்டியே தவறாது உரைக்கும் நிரல் ஒன்றை எழுதிவிட்டால் என்ன?" என மாணவர் வினவுவது இயல்பே.

இயலாது என்பதே விடை. முறைப்படி கணக்கிடும் வழியை 'அல்காரிதம்' என்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரே திரிந்து இச்சொல்லாயிற்று. அவ்வழிக்கும் எல்லை உண்டென 1936இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் டூரிங் நிறுவினார். மின்னணுக் கணிப்பொறி தோன்றாத காலம் அது. கட்டுரையை எழுதியபோது அவருக்கு அகவை 23. அமெரிக்க அறிஞர் அலோன்சோ சர்ச்சும் அதே ஆண்டில் வேறொரு வழியில் இதனையொத்த முடிவை எய்தினார்.

நிறுவும் வழி எளிது. அத்தகைய நிரல் ஒன்று இருப்பதாகக் கொண்டு, அதற்கு 'ஆய்வோன்' எனப் பெயரிடுவோம். அதனை உள்ளடக்கி 'எதிரி' என வேறொரு நிரலை எழுதுவோம். எதிரி தன்னைப் பற்றியே ஆய்வோனிடம் வினவும். "நீ நிற்பாய்" என ஆய்வோன் கூறினால், எதிரி நில்லாது சுழலும். "நில்லாய்" எனக் கூறினால், உடனே நின்றுவிடும். எவ்வாறு உரைப்பினும் ஆய்வோன் பொய்யாகின்றான். ஆதலின் அத்தகைய ஆய்வோன் இருத்தல் இயலாது. வேகத்தைக் கூட்டினாலும் நினைவகத்தைப் பெருக்கினாலும் இம்முடிவு மாறாது.

இதனைக் கேட்டவுடன், "பொறியால் இயலாதது மனிதனால் இயலும்" என மேடையில் முழங்குவோர் உளர். அதனை யாம் ஏற்கவில்லை. 4 முதல் ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகையா எனப் பார்த்துச் சென்று, அல்லாத எண் அகப்பட்டால் மட்டும் நிற்கும் நிரலை எண்ணிப் பாருங்கள். கோல்ட்பாக் என்பார் 1742இல் ஆய்லருக்கு எழுதிய மடலிலிருந்து எழுந்த வினா இது. அந்நிரல் நிற்குமா என இன்றளவும் எம்மனிதராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. டூரிங்கின் முடிவு மனிதனுக்குச் சூட்டிய மகுடமன்று.

கைவிரித்துவிடுவதும் தகாது. எல்லா நிரல்களுக்கும் பொதுவான தீர்ப்பு இயலாதெனினும், குறிப்பிட்ட நிரலைச் சோதித்து மெய்ப்பித்தல் இயலும். ஏர்பஸ் ஏ340 வானூர்தியின் முதன்மைப் பறத்தல் கட்டுப்பாட்டு நிரலில், இயங்கும்போது நேரும் சில வகைப் பிழைகள் இல்லை என்பதை 2003இல் 'ஆஸ்ட்ரே' என்னும் ஆய்வுக் கருவி மெய்ப்பித்தது. எல்லை அறிந்தோர் அதனுள் நின்று ஆற்றிய அரும்பணி இது.

எதற்கும் பொறியின் தீர்ப்பையே நாடும் காலம் இது. தேர்வுத்தாளை மதிப்பிடவும், வேலைக்கு ஆள் தெரியவும் நிரலிடம் கேட்கின்றோம். அங்கெல்லாம், "இது எவ்வளவு அறியும்? எங்கே அதன் எல்லை?" எனக் கேட்கும் துணிவு நம் மாணவர்க்கு வேண்டும். ஆகவே டூரிங்கின் இம்முடிவைக் கணிப்பொறி மாணவர்க்கு மட்டுமன்றி, இலக்கியம் பயில்வோர்க்கும் வணிகம் பயில்வோர்க்கும் நற்றமிழில் கற்பித்தல் வேண்டும். அதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும். ஆசிரியர்களும் பெரியோர்களும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.