மீன் தொட்டிக்குக் குழாய் வாங்கப் போகிறீர்களா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள், கூடத்தில் ஒரு மீன் தொட்டி வைக்க ஆசைப்படுவது சகஜமாகிவிட்டது. வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூரும் கிட்டத்திலேயே இருக்கிறது. பாடி வழியாகப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, குழந்தைகள் கைகாட்டிய மீனைத் தேர்ந்தெடுக்கிறோம். கடைசியில், "குழாய், வால்வு எல்லாம் நீங்களே பார்த்துக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். சகோதரிகளே, அங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். தண்ணீர் மாற்றுவதும் தரை துடைப்பதும் நம் தலையில்தானே விடிகிறது!

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மோட்டார் ஓடும்போது எல்லாக் குழாயும் நல்ல குழாயே. கரெண்ட் போன பிறகு அது என்ன செய்யும் என்று யோசித்து வாங்குங்கள்.

முதலில் சின்னத் தொட்டி. காற்று மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே வைத்தால், கரெண்ட் நின்றதும் தொட்டித் தண்ணீர் ரப்பர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குள் இறங்கலாம். தரையும் நனையும், மின்சார ஆபத்தும் உண்டு. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வைப்பது உத்தமம். முடியாவிட்டால், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன வால்வு ஒன்றைக் குழாயில் சேருங்கள். கடையிலேயே வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும்.

அடுத்து, கீழே அலமாரியில் 'சம்ப்' வைத்து நீரை வடிகட்டி மேலே ஏற்றும் பெரிய தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நீரை ஏற்றும் குழாயின் வாய் நீருக்குள் இரண்டு அங்குலம் மூழ்கியிருந்தால், கரெண்ட் நின்றதும் ஏறக்குறைய 21 லிட்டர் கீழே இறங்கிவிடும். ஒரு குடத்துக்கும் அதிகம்! சம்ப்பில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் கூடம் குளமாகும். ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். இங்கே ஒருவழி வால்வை நம்பியிருக்க வேண்டாம். ஒரு துளி மண், ஒரு பாசி இழை சிக்கினாலும் அது சரியாக மூடாது.

வடியும் குழாய் ஏற்றும் குழாயைவிடப் பெரியதாக இருப்பது அவசியம். ஒரு அங்குலக் குழாயின் வாய் அரை அங்குலத்தைப்போல் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், பரப்பில் நான்கு மடங்கு. வடியும் குழாயின் வாயில் சல்லடை போடுங்கள். திருகி மூடும் பால் வால்வை ஏற்றும் குழாயில் மட்டும் வையுங்கள்.

இனி, எந்தப் பொருளில் வாங்குவது? "பித்தளை போட்டுக்குங்கம்மா, ஆயுசுக்கும் உழைக்கும்" என்பார் வீட்டு வேலை பார்த்த பிளம்பர். வால்வு உழைக்கும், மீன் இருக்காது. பித்தளையிலும் தாமிரத்திலும் கசியும் தாமிரச் சத்து மீனுக்கு விஷம். இறாலும் நத்தையும் முதலில் சாகும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சும் ஆகாது. பி.வி.சி. போதும். ஒட்டும் சொல்யூஷன் ஒரு நாள் முழுதும் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வால்வில் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். எல்லாவற்றையும் ஒட்டிவிடாமல், மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு 'யூனியன்' போட்டால், கையால் திருகிக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டலாம். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்து, காற்று விட்டு, பிறகு ஊற்றுவது சிலாக்கியம்.

பிளக்கைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வயர் பிளக்கைவிடத் தாழத் தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தண்ணீரில் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இது மீனுக்கு அல்ல, நம் குழந்தைகளுக்கு.

எல்லாம் மாட்டியாயிற்றா? மீன் விடாமல் ஒரு நாள் ஓட்டுங்கள். பிறகு நீங்களே ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சம்ப்பில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அங்கே ஒரு கோடு போடுங்கள். விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே நின்றால் நிம்மதி. இல்லையென்றால் நீரைக் குறைத்து மறுபடி பாருங்கள். மோட்டாரைத் திரும்பப் போட்டுத் தானாக நீர் ஏறுகிறதா என்றும் கவனியுங்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நம் புறநகர்களில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரெண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்கு, பாட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். மீனை மட்டும் கடைசியாக வாங்குங்கள், அவசரமே வேண்டாம்.