வெள்ளைக்காரன் கட்டினதால் நிற்கவில்லை

போன மாசியில், ஓய்வு பெற்ற நண்பர்கள் பதினோரு பேர் உத்தமபாளையத்திலிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடி போய்வந்தோம். டேனிஷ் கோட்டையின் மேலே நின்று கடற்காற்று வாங்கும்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் கட்டினா கட்டினதுதான்யா. நானூறு வருசமா நிக்கிது. நம்மாளு கட்டின கோயில் பாரு, பாதி கடலுக்குள்ள போயிருச்சு."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இது.

அவர் சொன்ன மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1305 வாக்கில் எழுந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டியது 1620-ல். அதாவது, கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே கோயிலுக்கு வயது முந்நூறு. கடலின் வாயிலேயே நின்று அத்தனை காலம் அலையை வாங்கியிருக்கிறது. அதை மட்டமான வேலை என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா?

கோட்டை மட்டும் என்ன இரும்பிலா கட்டினது? அதுவும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். 1845-ல் டென்மார்க்காரர்கள் செராம்பூரோடு சேர்த்து அதை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பின்னாளில் பயணியர் விடுதியாகவும் கிடந்தது. அப்புறம் நம் மாநிலத் தொல்லியல் துறை கையில் எடுத்தது. டென்மார்க்கிலிருந்து ஒரு சங்கத்தாரும் கடல் தாண்டி வந்து பழுதுபார்க்க உதவினார்கள். கோட்டை நிற்பதற்குக் காரணம் இதுதான். கட்டினவனின் தோல் நிறம் எந்தச் சுவரையும் தாங்காது. பூச்சு உதிரும்போது பார்த்துப் பூசுகிறவன்தான் தாங்குகிறான்.

"கோயிலைக் கடல் அரித்தபோது யார் போய்ப் பார்த்தோம்?" என்று அந்த நண்பர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது.

ஏனென்றால் நம் ஊர் லட்சணமும் அதுதான். உத்தமபாளையத்தில் திருக்குணகிரிப் பாறையில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கூடவே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் அதில் இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டையைவிட அறுநூறு வருசத்துக்கு மேல் மூத்தது. வேனில் வந்த பதினோரு பேரிடமும் விசாரித்தேன். அதைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். நானே பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவும் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வழி கேட்டதால், வெட்கப்பட்டுக் கூடப் போனேன்.

டென்மார்க்காரனுக்குத் தன் முப்பாட்டன் கட்டிய சுவருக்காக இவ்வளவு தூரம் வரத் தோன்றுகிறது. நமக்கு நடந்து போகிற தூரத்துக்குப் போகத் தோன்றவில்லை. இதில் அவனைப் பெருமையாகவும் நம் கொத்தனை இளப்பமாகவும் பேசுவது நம் சோம்பலுக்கு நாம் போடுகிற போர்வை.

வருகிற ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் நான் அந்தப் பாறைக்குப் போகிறேன். பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள். கோட்டையைப் பார்க்க வேன் வாடகை கொடுத்தோம். இதற்குக் காலில் செருப்பு இருந்தால் போதும்.