புழு தென்படவில்லை என்று எழுதியவருக்கு

மதிப்புக்குரிய வேளாண் இணை இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

குறைதீர் கூட்டத்தில் இரண்டு மனு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது: ‘ஆய்வின்போது வயலில் காய்ப்புழு ஏதும் தென்படவில்லை.’ அதனால்தான் நான்காவதை ஊரறிய எழுதுகிறேன்.

ஆவணியில் மூன்று ஏக்கர் பி.டி. பருத்தி ஊன்றினேன். ஐப்பசியில் பூ விரியாமல் ரோஜா மொக்குபோலச் சுருண்டு நின்றது. அது புழுவின் அறிகுறி; அன்றே முதல் மனு. கார்த்திகையில் முப்பது காய்களைப் பையில் கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். வெளியே பார்த்தால் பழுதில்லாத காய். உடைத்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் நெளியும். நீங்கள் உடைக்கவில்லை. மேசை அழுக்காகும் என்று பையை வெளியே வைக்கச் சொன்னீர்கள்.

உங்கள் அலுவலர் வந்தது மாசிக் கடைசியில். அதற்குள், உங்கள் துறை நோட்டீஸ் சொன்னபடியே பருத்திமாரைப் பிடுங்கி அழித்து, காட்டையும் உழுதுவிட்டேன். உழுத மண்ணில் அவர் புழு தேடினார். தென்படவில்லையாம். தென்பட்டிருந்தால்தான் அதிசயம்!

இந்தப் புழு உங்களுக்குப் புதிதா? 2002இல் வந்த ஒற்றை ஜீன் விதை குஜராத்தில் இதனிடம் தோற்றுவிட்டதை விற்ற கம்பெனியே 2010இல் ஒப்புக்கொண்டது. 2006இல் வந்த இரட்டை ஜீனுக்கும் பின்னால் அதே கதிதான். ஊர் முழுக்க ஒரே விதையென்றால், செடியில் ஊறும் விஷத்துக்குத் தப்பியதும் தப்பியதும்தானே சம்பந்தம் பண்ணும்? பிறப்பதெல்லாம் தப்பிக்கிற வம்சம். படிக்காத எனக்கே இது விளங்கிவிட்டது, ஐயா.

இனக்கவர்ச்சிப் பொறியில் ஓர் இரவுக்கு எட்டுப் பூச்சி வீதம் மூன்று நாள் விழுந்தால் ஆபத்து என்று உங்கள் ஆட்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். விழுந்ததை எண்ணி எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. கொண்டுவரட்டுமா? இல்லை, அதுவும் மேசையை அழுக்காக்குமா?

நஷ்ட ஈடு கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. அது கிடக்கட்டும். அந்த ஒற்றை வரியைத் திருத்துங்கள். அது கோப்பில் இருக்கும்வரை, பொய் சொல்லிக் காசு கேட்டவன் என்ற பெயர் எனக்கு.

வருகிற ஆவணியில் நான் மக்காச்சோளம் போட்டுவிடுவேன். பக்கத்துக் காட்டில் பருத்தி நிற்கும். கார்த்திகையில் ஒரு நாள் வாருங்கள். ஒரே ஒரு காயை உங்கள் கையால் உடையுங்கள். கை கழுவத் தண்ணீர் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்று ஏக்கர் பருத்திக்காரன்