பெயரை விற்ற சகோதரர்கள்

தொழில் தொடங்கும் ஒருவர் தம் பெயரையோ தம் குடும்பப் பெயரையோ பலகையில் எழுதி வாயிலில் மாட்டுவது எந்நாட்டிலும் காணும் வழக்கம். அப்பெயர் நாளடைவில் ஊராரின் நம்பிக்கையைப் பெறுகிறது. பணத்தைவிடப் பெரிய முதலாக அந்நம்பிக்கையே நின்றுவிடுகிறது. பின்னர் ஒருநாள் அப்பலகையையே விலை பேச ஒருவர் வந்தால், விற்றவர் கையில் எஞ்சுவது யாது? இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கிறோம். இத்தாலி நாட்டில் பந்தயக் கார் செய்து புகழ் பெற்ற மஸராட்டி சகோதரர்களின் வரலாறு அது.

இத்தாலியின் வடபகுதியில் வொகேரா என்றோர் ஊர் உண்டு. அங்கே ரொடால்போ மஸராட்டி என்பவர் இரயில்வேத் தொழிலாளியாக இருந்தார். அவருக்கு ஆண்மக்கள் எழுவர் பிறந்தனர். மூன்றாம் மகனுக்கு அல்பியேரி என்று பெயரிட்டனர். அக்குழந்தை சில திங்களிலேயே மறைந்தது. 1887-இல் அடுத்த மகன் பிறந்தபோது, இழந்த பிள்ளையின் பெயரையே அவனுக்கும் இட்டனர். பின்னாளில் தொழிற்கூடத்தின் பலகையில் ஏறிய பெயர் அதுவே.

வளர்ந்த மக்கள் அறுவர்: கார்லோ, பிண்டோ, அல்பியேரி, மாரியோ, எட்டோரே, எர்னெஸ்டோ. இவர்களுள் மாரியோ ஒருவர் மட்டும் ஓவியர். ஏனைய ஐவரும் எஞ்சினையே தம் வாழ்வாகக் கொண்டனர். வழி காட்டியவர் மூத்தவரான கார்லோ. இளமையிலேயே சைக்கிளுக்குப் பொருந்தும் எஞ்சின் ஒன்றைச் செய்தவர் அவர். பின்பு மோட்டார் நிறுவனங்களில் பணியாற்றினார். மிலான் நகரத்து இசோட்டா பிராஸ்கினி நிறுவனத்தில் தம்பி அல்பியேரிக்கும் இடம் பெற்றுத் தந்தார். 1910-இல், முப்பது வயது நிரம்புமுன், கார்லோ காலமானார். அண்ணன் இட்ட அடித்தளத்தின்மேல் தம்பியர் கட்டத் தொடங்கினர்.

1914-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று, பொலோனா நகரின் பழைய பகுதியில் அல்பியேரி தம் பெயரால் ஒரு பட்டறையைத் திறந்தார். பிறர் செய்த கார்களைப் பழுது பார்ப்பதும், அவற்றைப் பந்தயத்துக்கு ஏற்பத் திருத்துவதுமே அங்கு நடந்த வேலை. அடுத்த ஆண்டே இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியது. மூத்தவர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். பதினேழு வயதே ஆன எர்னெஸ்டோ பட்டறையைக் காத்து நின்றார். அக்காலத்தில் அல்பியேரி ஸ்பார்க் பிளக் செய்யும் தொழிலில் இறங்கினார். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் பொறியை எழுப்புவது இச்சிறு கருவியே. கார்த் தொழிலில் முதல் தேய்ந்த நாள்களிலும் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்த ஸ்பார்க் பிளக் வாணிபம்தான்.

போர் முடிந்தபின் சகோதரர்கள் தூரின் நகரத்து டியாட்டோ நிறுவனத்துக்காகப் பந்தயக் கார்களை அமைத்துத் தந்தனர். அந்நிறுவனம் பணமுடையால் பந்தயத்தைக் கைவிட்டது. அங்கு உருவாகி நின்ற காரைச் சகோதரர்கள் தாமே ஏற்று, மாற்றியமைத்து, 1926-இல் தம் பெயரிலேயே வெளியிட்டனர். மஸராட்டி என்ற பெயர் தாங்கிய முதற் கார் இதுவே. எட்டு சிலிண்டரும் ஒன்றரை லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின். காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜரும் அதனோடு இணைந்திருந்தது. அவ்வாண்டு சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடந்த டார்கா புளோரியோ பந்தயத்தில் அல்பியேரியே காரை ஓட்டிச் சென்று, தம் வகுப்பில் முதலிடம் பெற்றார்.

காருக்கு ஓர் இலச்சினை வேண்டுமல்லவா? அது ஓவியரான மாரியோவின் பங்காயிற்று. பொலோனாவின் நடுவே கடல் தெய்வமான நெப்டியூனின் சிலையோடு கூடிய பதினாறாம் நூற்றாண்டு நீரூற்று ஒன்று உண்டு. அத்தெய்வத்தின் கையிலிருக்கும் திரிசூலத்தை எடுத்து, நகருக்குரிய சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களோடு சேர்த்து அவர் சின்னம் வரைந்தார். எஞ்சினைத் தொடாத உடன்பிறப்பு தந்த அந்தச் சின்னமே, மற்றவர் தந்த எல்லாவற்றையும்விட நீண்ட ஆயுள் பெற்றது!

1929-இல் இரண்டு எட்டு சிலிண்டர் எஞ்சின்களை அருகருகே பிணைத்துப் பதினாறு சிலிண்டர் கார் ஒன்றைச் செய்தனர். கிரெமோனா நகரருகே பத்து கிலோமீட்டர் தூரத்தை அது மணிக்கு 246 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து சாதனை நாட்டியது. ஒரு குடும்பம் தன் கைப்பட நடத்திய சிறு தொழிற்கூடத்துக்கு இது எத்தகைய பெருமை!

ஆயினும் துன்பம் தொலைவில் இல்லை. 1927-இல் மெசினாப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் அல்பியேரி கடுமையாக அடிபட்டிருந்தார். அதன் விளைவு அவரை விடவில்லை. 1932 மார்ச் 3 அன்று, அறுவை சிகிச்சையை ஒட்டி அவர் உயிர் நீத்தார். வயது நாற்பத்து நான்கு. வடிவமைப்பும் வாணிபமும் பந்தயமும் ஒருங்கே அறிந்த தலைவரை நிறுவனம் இழந்தது. பிண்டோ தாம் வகித்த வேலையை விட்டு வந்து தம்பியரோடு சேர்ந்தார். 1933-இல் புகழ்மிக்க ஓட்டுநர் தாசியோ நுவலாரி மஸராட்டி காரில் பெல்ஜியப் பந்தயத்தை வென்றார். எனினும் 1934 முதல் ஜெர்மனியின் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் நிறுவனங்கள் அரசின் பொருளுதவியோடு களத்தில் இறங்கின. ஓர் அரசின் பணத்தோடு ஒரு குடும்பத்தின் பட்டறை எத்தனை நாள் போட்டியிட இயலும்?

1937-இல் சகோதரர்கள் தம் நிறுவனத்தை மொடேனா நகரத்துத் தொழிலதிபர் அடால்போ ஓர்சியிடம் விற்றனர். கார்த் தொழிலோடு ஸ்பார்க் பிளக் தொழிலும் சேர்ந்தே கைமாறியது, பெயரும் கைமாறியது. பிண்டோவும் எட்டோரேவும் எர்னெஸ்டோவும் பத்தாண்டுகள் அங்கேயே பணி செய்வதென ஒப்பந்தம். நேற்று வரை உரிமையாளர், இன்று சம்பளக்காரர்! சில ஆண்டுகளில் தொழிற்சாலையும் பொலோனாவை விட்டு, நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மொடேனாவுக்குப் பெயர்ந்தது. பொலோனாவின் திரிசூலம் மட்டும் உடன் சென்றது.

இங்கே ஓர்சியைக் கொடியவராக எண்ணிவிடலாகாது. அவர் வஞ்சித்து வாங்கியவர் அல்லர். சகோதரர்களிடம் இல்லாத முதலைக் கொண்டுவந்தவர். அம்முதலின் துணையோடு அவர்கள் அமைத்த கார், 1939-இலும் 1940-இலும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்றது. ஓட்டியவர் வில்பர் ஷா. விற்றிராவிட்டால் இவ்வெற்றி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

1947-இல் ஒப்பந்தக் காலம் நிறைவுற்றது. அப்போது பிண்டோவுக்கு அறுபது வயது கடந்திருந்தது. சகோதரர் மூவரும் மொடேனாவில் தங்கவில்லை; பொலோனாவுக்கே திரும்பினர். நகரின் புறத்தே சான் லாசரோவில் மீண்டும் ஒரு பட்டறையைத் திறந்தனர். ஆனால் தாம் செய்யும் காரை மஸராட்டி என்று அழைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தந்தை தந்த பெயர் சட்டப்படி பிறருடைய உடைமை. ஆகவே புதிய நிறுவனத்துக்கு ஓஸ்கா என்று பெயரிட்டனர். கார் செய்யும் தனித்திறப் பட்டறை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அவர்களுடைய புகழ்பெற்ற காரின் பெயர் எம்.டி.4. மஸராட்டி வகை, நான்கு சிலிண்டர் என்பதன் சுருக்கமே அது. முழுப் பெயரை எழுத முடியாதவர்கள் முதலெழுத்தையேனும் காப்பாற்றிக்கொண்டனர்!

1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் நகரில் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் நடைபெற்றது. ஸ்டர்லிங் மாஸும் பில் லாயிடும் மாறி மாறி ஓட்டிய ஓஸ்கா, ஒன்றரை லிட்டருக்கும் குறைந்த எஞ்சினோடு, தன்னிலும் மும்மடங்கு பெரிய கார்களைப் பின்னிறுத்தி முதலிடம் பெற்றது. 1959 முதல் பியட் நிறுவனம் தன் சிறு திறந்த கார் ஒன்றுக்கு ஓஸ்கா வகுத்த எஞ்சினையே பயன்படுத்தியது. காரின் முகப்பில் பியட்டின் பெயர். உள்ளே இயங்கியது சகோதரர்களின் அறிவு.

மொடேனாவில் தங்கிவிட்ட பெயர் என்னாயிற்று? 1957-இல் ஜுவான் மானுவல் பாஞ்சியோ மஸராட்டி காரில் உலகப் பட்டம் வென்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே பணநெருக்கடி முற்றியதால், நிறுவனம் தன் பெயரில் பந்தயத்தில் இறங்குவதை விட்டு, சாலைக் கார்களில் நாட்டம் செலுத்தியது. 1968-இல் பிரான்சின் சிட்ரோயன், 1975-இல் டி தொமாசோ, 1993-இல் பியட் எனப் பின்னர்ப் பல கைகள் மாறியது. சகோதரர்களும் 1963-இல், முதுமையின் காரணமாக, ஓஸ்காவை எம்.வி. அகஸ்டா நிறுவனத்திடம் விற்றனர். நான்காண்டில் அது மூடப்பட்டது. அவர்கள் விற்ற முதற்பெயர் வாழ்கிறது. பின்னர்ச் சூட்டிய பெயரோ அவர்களுக்குப் பின் நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து எளிய நீதி ஒன்றை உருவி எடுப்பது தகாது. பெயர் வெறும் பலகை என்று கூறினால், அப்பெயர் இன்றளவும் மதிப்புடன் விளங்குவதற்கு என்ன விடை சொல்வது? பெயரே அனைத்தும் என்று கூறினாலோ, பெயரை இழந்த முதியோர் மூவர் செப்ரிங்கில் பெற்ற வெற்றியை எங்கே வைப்பது? ஒன்றை மட்டும் துணிந்து சொல்லலாம். பெயர் எழுத்தில் இருப்பது. ஆதலின் எழுத்தாலேயே கைமாறும். தொழிலறிவு கையில் இருப்பது. கற்றுத் தந்தாலன்றி அது எவர்க்கும் செல்லாது. கார்லோ தம்பியர்க்கு வைத்துச் சென்றது பெயரன்று. எஞ்சின் செய்யும் பழக்கமே. ஒப்பந்தத்தில் எழுத முடியாத அச்சொத்தைச் சுமந்துகொண்டுதான் அவர்கள் 1947-இல் ஊர் திரும்பினர்.

நம் மக்களுக்கு எதைச் சேர்த்து வைப்பது என்று கணக்குப் பார்க்கும் பெற்றோர், வீட்டின் பெயரோடு கையின் பழக்கத்தையும் அக்கணக்கில் எழுதிக்கொள்வார்களாக.